லமீஸுக்கு ஆகாத ரொட்டி

கோதுமை உடம்புக்கு ஆகாது என்று சொல்லி லமீஸ் மாமியார் வீட்டு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போகாமல் ஒரு வருஷமாகிறது. இந்த வாரம் மாமியார் நுஹாத் விடவில்லை. பெய்ரூத் உழவர் சந்தைக்குப் போய்த் தக்காளியும் கத்தரிக்காயும் வாங்கிவந்து, கோதுமையே சேர்க்காத ரொட்டியின் மேல் பரப்பிச் சுட்டு, மகன் ரம்ஸியை அனுப்பி மருமகளை அழைத்துவரச் செய்துவிட்டாள்.

சுவருக்கும் மாமியாருக்கும் நடுவே சிக்கிய லமீஸின் தட்டில் இன்னொரு ரொட்டி விழுந்தது.

"போதும் அத்தை."

"குருவிகூட உன்னைவிட அதிகமா கொத்தும். சாப்பிடு!"

லமீஸ் பாதி தின்றிருப்பாள். நுஹாத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயையோ! அவசரத்துல கோதுமை மாவு டப்பாவை எடுத்துட்டேனேடா ரம்ஸி!"

விருந்துக்கு வந்திருந்த எல்லோரும் லமீஸைப் பார்த்தார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். ரம்ஸி காரை எடுக்கக் கீழே ஓடினான். மற்றவர்கள் அவன் பின்னால் ஓடினார்கள்.

நுஹாத் நிதானமாகக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எழுந்து உட்காருடி. நீ தின்னது அத்தனையும் கடலைமாவு."

லமீஸின் முனகல் பாதியில் நின்றது.

"அவன்கிட்ட சொல்ல மாட்டேன், பயப்படாதே" என்றபடி நுஹாத் இன்னொரு ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "ஞாயிறு தவறாம வந்துடு."