மரியாதைக்கு ஒரு பெயர்

"எங்கள் நாட்டில் ஒருவரை மரியாதையாகக் கூப்பிட அப்பா பெயரையும் சேர்க்க வேண்டும். நான் செமியோன் லுகிச். லுகாவின் மகன்" என்றார், ஒரகடம் தொழிற்சாலைக்குப் பயிற்சி தர வந்திருந்த ரஷ்ய எஞ்சினியர்.

மேனேஜர் பரசுராமன் அதைத் தமிழில் சொன்னார்.

லைனில் ஒவ்வொருவராக அப்பா பெயரைச் சொன்னார்கள். அய்யாத்துரையின் மகள் மாரிசெல்வி, மகளைக் குறிக்கும் 'ஓவ்னா' சேர்ந்து, 'மாரிசெல்வி அய்யாத்துரையோவ்னா' ஆனாள். அடுத்தது வேல்விழி.

"எனக்கு அம்மா பேர்தான் இனிஷியல், சார்."

"அப்பன் யாருன்னே தெரியாதா?" என்ற பரசுராமன், அதையே ஆங்கிலத்திலும் சொல்லிச் சிரித்தார். லைனும் சிரித்தது.

ரஷ்யர் சிரிக்கவில்லை. "யாராவது நல்ல மனிதர் தன் பெயரைக் கொடுக்கலாமே!"

"அவ்ளோதானே? என் பேரையே வச்சுக்கம்மா. வேல்விழி பரசுராமனோவ்னா!"

வேல்விழி நிமிர்ந்து பார்த்தாள். "எங்கம்மா மணிமங்கலம் அம்சவல்லி, சார். இருபத்திரண்டு வருஷமா எனக்கு வைக்க உங்க பேரைத்தான் உங்ககிட்ட கேட்டுகினு கீது."

சிரிப்பு நின்றது.

"என்ன சொல்கிறார்?" என்று ரஷ்யர் கேட்டார்.

பரசுராமன் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்:

"உங்களுக்கு நன்றி சொல்கிறாள்."