பிரித்த தையல்

“அந்தத் தடி எனக்கு வரவேண்டியது. அந்த மனுஷனுக்கு எப்படிக் கொடுத்தீங்க?”

சட்டம் போட்ட பழைய தையல் துணி ஒன்றை ஊராட்சி அலுவலக மேசைமீது டொக்கென்று வைத்தாள் கெசியா. குமாஸ்தா லாம்சனின் மைக்கூடு ஆடி நின்றது.

வெர்மான்ட் மலையோரத்து அந்த ஊரில், இருப்பவர்களிலேயே மூத்தவருக்குத் தங்கப் பூண் போட்ட கைத்தடி தருவது வழக்கம். நேற்று தேவாலயத்தில் ஊரே கைதட்ட அதை வாங்கிக்கொண்டவர் ஆசகேல். வயது தொண்ணூற்றொன்று.

“எனக்குத் தொண்ணூத்தி மூணு, தம்பி.”

“ஆதாரம் வேணுமேம்மா. பிறப்புப் பதிவெல்லாம் தீயில போச்சு. அவருக்காவது அவங்கப்பா பைபிள்ல எழுதியிருக்கு.”

“எனக்கு இதுல எழுதியிருக்கு. பள்ளிக்கூடத்துல நானே தைச்சது. படிங்க.”

லாம்சன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வரிசையாக எழுத்துகள், ஒரு செங்கல் வீடு, வீட்டைவிடப் பெரிய கோழி. அடியில் நீல நூலில், ‘கெசியா தைத்தது. வயது ஒன்பது. வருடம் 18’.

“பதினெட்டுக்கு அப்புறம் வெறும் ஊசித் துளைதான் இருக்கு.”

“1828. இப்ப 1912. கணக்குப் போட்டுப் பாருங்க.”

“நீங்க சொல்றீங்க, துணி சொல்லலையே.”

“பூச்சி அரிச்சிருக்கும்.”

“கோழியை விட்டுட்டு, வீட்டை விட்டுட்டு, கடைசி ரெண்டு எண்ணை மட்டுமா?”

கெசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஒரு எழுத்து கோணினா டீச்சரம்மா ஊசி குத்தாம விரல்ல மாட்டுற இரும்பு உறையால மண்டையில குட்டுவா. குளிர்ல விரல் விறைக்க விறைக்கத் தைச்சேன். அதைப் பொய்ங்கிறீங்களா?”

“பொய்னு சொல்லலை. யாரு பிரிச்சாங்கன்னுதான் கேட்கிறேன்.”

அவள் கோழியை முறைத்தாள்.

“நான்தான். என்னைக் கட்டிக்க வந்தவனுக்கு இருபத்தி நாலு, எனக்கு இருபத்தாறு. இருபத்திரண்டுன்னு சொல்லி வெச்சேன். இது கூடத்துல மாட்டியிருந்தது. ராத்திரியோட ராத்திரியா கத்திரிக்கோலை எடுத்தேன். ஆம்பளை பத்து வயசு மூப்புன்னா ஒரு வாய் திறக்காது. பொம்பளை ரெண்டு வயசு மூப்புன்னா ஊரே பேசும். குட்டு வாங்கித் தைச்சதை என் கையாலேயே பிரிக்க வெச்சாங்க. இப்ப ஆதாரம் கேட்கிறாங்க.”

லாம்சன் குரலைத் தணித்துக்கொண்டார். “கட்டிக்கிட்டவர் இருக்காருல்ல? அவரைச் சாட்சி சொல்லச் சொல்லுங்களேன்.”

“அந்த மனுஷனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.”

வாசலில் தடி தட்டும் சத்தம் கேட்டது. அவள் மறந்து வந்த சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார் ஆசகேல்.

“கல்யாணத்துக்கு முந்தின நாளே உன் பாவாடையில நீல நூல் ஒட்டியிருந்ததைப் பார்த்துட்டேன்டி,” என்றபடி தங்கப் பூண் தடியை மனைவியிடம் நீட்டினார். “அறுபத்தேழு வருஷமா நீ வாயைத் திறக்கலை. திறக்க வைக்கத்தான் இந்தத் தடிக்கே மனு போட்டேன்.”