மகாவின் டிரம்மர்

"பாட்டு அடிபொளி, மகா. ஆனா ரெக்கார்டிங்ல வாசிச்ச அந்த டிரம்மர் வந்தாத்தான் ஞாயிற்றுக்கிழமை உனக்கு மேடை," என்றார் நௌஷாத். கொச்சி மட்டாஞ்சேரியில் புதுப் பாட்டுக்காரர்களை மேடையேற்றுகிறவர் அவர்.

மகாவுக்கு இதுதான் முதல் மேடை.

"அவருக்கு லீவு கிடைக்காது இக்கா."

"எந்த பேண்ட்?"

மகா தயங்கினாள். "கொச்சங்காடியில, பதினெட்டு வருஷமா ஒரே இடத்துல. தினம் சாயங்காலம்."

"நான் கேள்விப்பட்டதே இல்லையே! ஒரு நாள் லீவு கேட்கச் சொல்லு. டிரம்ஸ் இங்க இருக்கு."

"வேண்டாம் இக்கா. அவரோடதுலதான் அவருக்குக் கை வரும்."

ஞாயிறு மாலை இரண்டு பேர் ஒரு பெரிய புரோட்டாக் கல்லைத் தூக்கி வந்து மேடையில் வைத்தார்கள். பின்னாலேயே சலவைச் சட்டையும் கையில் இரண்டு கொத்துக்கரண்டியுமாக ஒருவர் வந்தார்.

"எங்க அப்பா. புரோட்டா மாஸ்டர்," என்றாள் மகா. இதுவரை அவள் யாரிடமும் சொல்லாதது. "பாட்டைப் பதிவு பண்ணினது அவர் ஹோட்டல் வாசல்லதான்."

நௌஷாத் கல்லையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மகா கிட்டாரை மீட்டினாள். அப்பாவின் கை எழவில்லை. கூட்டத்தைப் பார்த்து வியர்த்து நின்றார். மறுபடி மீட்டினாள். அப்போதும் அவர் அசையவில்லை.

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. ஆர்டர் வராமல் அப்பா ஒரு நாளும் கரண்டியைத் தூக்கியதில்லை.

மைக்கை நெருங்கி, ஹோட்டல் சர்வரைப் போலவே கூவினாள்.

"மாஸ்டர்! ஒரு முட்டைக் கொத்து!"

"இதோ ஆச்சு!" என்றார் அப்பா. கரண்டிகள் கல்லில் இறங்கின.