வருகைப் பதிவு

துணைவேந்தர் அங்கயற்கண்ணி ஓய்வு பெற்ற அன்று அவருக்கு மாலை போட ஒருவரும் வரவில்லை. கட்டடமே இல்லாத பல்கலைக்கழகத்துக்கு எங்கிருந்து ஆள் வரும்? நாற்பது லட்சம் மாணவர்களின் கைபேசியிலும் அவர் முகத்தோடும் குரலோடும் கணினி உருவாக்கிய ஆளுக்கொரு அங்கயற்கண்ணி பாடம் நடத்தினாள். நிஜ அங்கயற்கண்ணியோ பன்னிரண்டு வருடமாகக் கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அடம்பிடித்துச் சேர்த்தது ஒன்றே ஒன்றுதான்: பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மாணவர் வாய் திறந்து "உள்ளேன் அம்மா" என்ற பிறகே வகுப்பு தொடங்க வேண்டும்.

"கேமராதான் முகத்தப் பாக்குதே மேடம்" என்றார்கள் பொறியாளர்கள்.

"முகம் இருந்தா ஆள் இருக்குன்னு அர்த்தமாய்யா?" என்று அவர்கள் வாயை அடைத்தார்.

ஓய்வு பெற்ற மறுநாள் தென்காசிப் பேருந்தில் ஏறினார். நடத்துநர்ப் பெண் அவரைப் பார்த்ததும் டிக்கெட் கொடுக்க மறந்தாள்.

"அம்மா! நீங்க அவ்வளவு தூரம் சொன்னதாலதான் அரியர் எழுதினேன். பாஸாயிட்டேன்!"

'அது நானில்லை' என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

அவள் முகம் வாடிவிட்டது. "தெனமும் கூப்பிடுவீங்களேம்மா. செண்பகவடிவு."

அங்கயற்கண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டு, பேருந்து முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். "செண்பகவடிவு!"

கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள் அவள். "உள்ளேன் அம்மா!"

பின்சீட்டில் ஒரு நரைமீசைக்காரர் கூச்சத்தோடு கையைத் தூக்கினார்.

"அம்மா, அப்படியே எம்பேரையும் ஒரு தடவ கூப்பிட்டுருங்க."