முத்திரை வைத்த நோட்டு

புகார் மனுவை நான் மேஜையில் வைத்த வேகத்தில் தலைமையாசிரியையின் பேனா ஸ்டாண்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றது. சரி, இரண்டு அங்குலம்.

எதிர் நாற்காலியில் கான்ட்ராக்டர். என் பேத்தியை வகுப்பில் படுத்தி எடுக்கும் கூட்டத்துக்கு அவர் மகள்தான் தலைவி. மீசையை நீவிக்கொண்டு, கொசுவைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

உள்ளே நுழைந்ததுமே அவருக்கு 'மீசைப்பாலம்' என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன். நான் வைக்கிற பெயர் ஒட்டிக்கொள்ளும். கோர்ட்டில் முப்பத்தாறு வருஷம் பெஞ்ச் கிளார்க். மூன்று நீதிபதிகள் நான் வைத்த பெயரோடுதான் ஓய்வு பெற்றார்கள்.

"சின்னப் பசங்க விளையாட்டுக்கு மனு கினுன்னு எதுக்குங்க?" என்றது மீசைப்பாலம்.

"விளையாட்டா? எட்டு நாளா புள்ள வீட்டை விட்டு வெளிய வரல. சாப்பாட்டை ஸ்பூனால அளந்து திங்குறா!" என் மகள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

வகுப்பில் பேத்தியின் பெயரே இப்போது ரோடு ரோலர். அவள் நடந்தால் பெஞ்சுக்குப் பெஞ்சு 'டுர்ர்ர்' என்று இன்ஜின் சத்தம். காலி பாட்டிலைக் காலடியில் உருட்டிவிட்டு, நசுக்கிக் காட்டச் சொல்வார்களாம்.

நான் விரலை மடக்கினேன். இன்று பள்ளிக்கு எழுத்தில் புகார், நகலில் சீலும் கையெழுத்தும் வேண்டும். ஒரு வாரத்தில் நடவடிக்கை இல்லையென்றால் கல்வி அதிகாரி. பிறகு குழந்தைகள் நலக் குழு. அதற்கும் அசையாவிட்டால் போலீஸ், கோர்ட். தெரிந்தும் சும்மா இருந்த பள்ளியும் எதிர்மனுதாரர்தான்.

தலைமையாசிரியை எழுந்து மின்விசிறியைக் கூட்டினார். மீசை, சத்தியமாகச் சொல்கிறேன், அரை அங்குலம் இறங்கியது.

"ஆதாரம் இருக்கா, பெரியவரே?" என்றது மீசைப்பாலம்.

இதற்காகத்தானே சப்புக்கொட்டிக்கொண்டு காத்திருந்தேன்! அரக்கு முத்திரை வைத்த கவரை நீட்டினேன். உள்ளே பேத்தியின் நோட்டு. தேதி, நேரம், இடம், சொன்னது யார், பக்கத்தில் யார் என்று நானே கட்டம் போட்டுக் கொடுத்து, ஆரம்பத்திலிருந்து ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லியிருந்தேன்.

வீட்டிலேயே என் மகள் ஒரு தரம் பார்க்கக் கேட்டாள். முத்திரை வைத்த சாட்சியத்தை விசாரிக்கிறவர்தான் பிரிக்க வேண்டும் என்று அதட்டினேன். நானும் படிக்கவில்லை. கனத்தைப் பார்த்தே ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்துவிட்டது.

தலைமையாசிரியை பிரித்தார். முதல் பக்கத்திலேயே நின்றார். என்னைப் பார்த்தார்.

"சத்தமா வாசிங்க மேடம், எல்லாருக்கும் கேக்கட்டும்!" மேஜையைத் தட்டினேன்.

வாசித்தார்.

"ஜூன் மூன்று, காலை எட்டே முக்கால். பள்ளி கேட். 'ரோடு ரோலர் வருது, வழி விடுங்க!' சொன்னது: தாத்தா. பக்கத்தில்: வேன் பிள்ளைகள். சிரித்தது: எல்லாரும். நானும்."

மீசைப்பாலம் சிரிக்கக்கூட இல்லை.

என் மகள் மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எதிர்மனுதாரர் பட்டியலில், முதல் பெயருக்கு மேலே ஒரு வரிக்கு இடம் இருந்தது.

"பேனா குடுங்கப்பா," என்றாள்.