வர்றியா, இல்லையா?

பல் டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டு முதுகில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, தையல்காரர் உள்ளறைத் திரைச்சீலையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"பொண்ணு பட்டம் வாங்குற விழா, சனிக்கிழமை! நீ வர்றியா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"பார்க்கலாங்க," என்றது திரைக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல். கூடவே குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம், பாத்திரங்கள் இடிபடுகிற சத்தம்.

"பார்க்கலாம்னா என்ன அர்த்தம்? ஒரு வாரமா இதையேதான் பாடிக்கிட்டிருக்கே."

அப்போதுதான் புகை மூக்கில் ஏறியது. பெட்டியைப் பாய்ந்து தூக்கினார். கோட்டின் நட்ட நடுவில் பழுப்பு நிறத்தில் இன்னொரு இஸ்திரிப் பெட்டி படுத்திருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் இவ்வளவு கச்சிதமாக எதையும் அவர் வெட்டியதே இல்லை.

முன்னால் கடை, பின்னால் வீடு. கருகல் நாற்றம் இரண்டையும் ஒன்றாக்கிக் கூரை வரை அடைத்து நின்றது. இருமல் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க இருமுறீங்க? வெந்நீர் குடிச்சீங்களா, இல்லையா?" என்றாள் அவள்.

"குடிச்சேன், குடிச்சேன்." கோட்டைச் சத்தமில்லாமல் திருப்பிப் போட்டார். அப்பாடா, மாட்டிக்கொள்ளவில்லை.

கல்லூரியில் பெற்றோருக்கென்று ஆளுக்கொரு நாற்காலி ஒதுக்கியிருந்தார்கள். 'அம்மா வருவாங்களாப்பா?' என்று விடுதியிலிருந்து மகள் தினமும் கேட்டாள். இவர் தினமும் திரைச்சீலையைக் கேட்டார். முடியாது என்று சொன்னாலாவது பக்கத்து நாற்காலியில் பையை வைத்துக்கொண்டு, பொண்ணுக்காகச் சிரித்த முகமாக உட்கார்ந்துவிட்டு வரலாம். இந்த இழுபறிதான் அவருக்குத் தாங்கவில்லை.

வாசலில் டாக்டரம்மாவின் குரல் கேட்டது. "கேட்குதாடா? நல்லா சாப்பிடு. சரி சரி, பில் ஏறுது, வச்சிடுறேன்!" போனைப் பையில் போட்டுக்கொண்டே உள்ளே வந்தவர் மூக்கைச் சுளித்தார். "என்ன டெய்லர், எதையோ தீச்சிட்டீங்க போலிருக்கே?"

"தீச்சிட்டாரா? என்னத்தை?" என்று திரைக்குப் பின்னால் குரல் எகிறியது. "என்கிட்ட மூச்சே விடலையே இந்த மனுஷன்!"

இனி ஒளித்துப் பயனில்லை. தையல்காரர் கோட்டை விரித்துக் காட்டினார்.

"ஏற்கெனவே பயந்து நடுங்கித்தான் வர்றாங்க," என்றார் டாக்டரம்மா, கோட்டையே பார்த்தபடி. "நான் இதைப் போட்டுக்கிட்டு ஒரு தடவை திரும்பினா போதும், பல் வலியே போயிடும்."

"டாக்டர், கோவிச்சுக்காதீங்க," என்றது குரல். "முதுகுல அகலமா ஒரு பெல்ட் வச்சுத் தைச்சா மறைஞ்சிடும். ஏங்க, மேல் தட்டுல வெள்ளைத் துணி மிச்சம் இருக்கும், எடுங்க."

இருந்தது. டாக்டரம்மா கொஞ்சம் இறங்கி வந்தார். "இவரை எப்படிம்மா வச்சு சமாளிக்கிறீங்க?"

"தூரத்துல இருந்து பார்த்தா நல்லவர்தான் டாக்டர்."

தன் மானம் மேலும் கிழிவதற்குள் தையல்காரர் பேச்சை மாற்றினார். "அதை விடுங்க டாக்டர். வெளிநாட்டுக்குப் பேச இன்னுமா காசைக் கொட்டுறீங்க?"

"என்ன பண்றது, பையன் அங்கே படிக்கிறான். 'எப்படிடா இருக்கே'ன்னு கேட்டுட்டு, அவன் பதில் சொல்ல ஆரம்பிச்சதும் போனை வச்சிடுறேன்."

"சாதாரண கால் போடாதீங்க. ரெண்டு பேர் போன்லயும் ஒரே ஆப்பை ஏத்திக்கிட்டு இன்டர்நெட் வழியா கூப்பிடுங்க. நெட்டுக்குக் கட்டுற காசோட சரி. நானும் போன் கார்டு வாங்கிச் சுரண்டி நம்பர் அடிச்சுப் பேசினவன்தான். ஒரு சண்டைகூட முழுசா போட முடியாது, பாதியில கார்டு தீர்ந்துடும். இப்ப நாள் பூரா லைனைத் திறந்தே வச்சிருந்தாலும் கேட்க நாதியில்லை."

"நாள் பூராவா? அவ்வளவு நேரம் என்னத்தைப் பேசுறது?"

"பேசணும்னு யார் சொன்னா? நீங்க பாட்டுக்குப் பல்லைப் பிடுங்குங்க, அவன் பாட்டுக்குப் படிக்கட்டும்."

சொன்னதோடு நிற்காமல், டாக்டரம்மாவின் போனை வாங்கி ஆப்பை ஏற்றி, மகனையும் ஏற்றச் சொல்லி, அழைப்பும் போட்டுக் கொடுத்தார். "டேய், இது ஓசிடா! எதையும் விடாம சொல்லு!" என்று டாக்டரம்மா கோட்டை மறந்து தெருவில் இறங்கினார்.

"ஆச்சா உபகாரம்?" என்றது குரல்.

"ஊருக்கெல்லாம் வழி சொல்லியாச்சு. எனக்குத்தான் ஒரு பதில் வரலை. பொண்ணுகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"ஏங்க, கொஞ்சம் இருங்க. கூப்பிடுறாங்க." குழாய் நின்றது. காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

நான் வாயைத் திறந்தால் போதும், உலகத்துக்கே இவள் தேவைப்படுவாள் என்று முணுமுணுத்தபடி மிஷினில் உட்கார்ந்தார். பெல்ட் கோணலாக ஓடியது. பிரித்தார், தைத்தார், மறுபடியும் கோணல். திரைக்குப் பின்னால் ஒரு பொட்டுச் சத்தமில்லை.

சரி, வரமாட்டாள் என்றே பொண்ணிடம் சொல்லிவிடுவோம். இன்றே சொன்னால் சனிக்கிழமைக்குள் அழுது முடித்துவிடுவாள். அவருக்கும் அதே கணக்குதான்.

திரைக்குப் பின்னால் தடதடவென்று யாரோ ஓடிவரும் சத்தம்.

"ஏங்க, இருக்கீங்களா?" அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நான் எங்கே போகப்போறேன்? இந்தத் தடவை பார்க்கலாம், கீர்க்கலாம்னு சொல்லாதே. வர்றியா, இல்லையா?"

"வர்றேங்க! மேடம் இப்பதான் லீவு கொடுத்தாங்க, நீங்க போனை வைங்க, நான் ஃப்ளைட்டுக்கு டிக்கெட் போடணும்."