இன்னும் நாலு வார்த்தை

ரூபாய் நோட்டை மருந்துக்கடையில்கூட வாங்காத காலம் அது. துரைப்பாண்டி வீட்டை விற்றது, வேலை பார்த்துச் சேர்த்தது எல்லாம் பிட்காயினாகத்தான் கிடந்தது. அதைத் திறக்கும் கடவுச்சொல்லான பன்னிரண்டு வார்த்தைகளை அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. "எழுதினா எவனாவது களவாண்டுருவான். என் மண்டையைவிடப் பத்திரமான இடம் ஏது?" என்பார். அந்த மண்டையில்தான் ரத்தக்குழாய் வெடித்துப் பேச்சு நின்றுபோனது.

இரண்டு வருஷமாக அவர் மனைவி வேலம்மாள் நோட்டும் பேனாவுமாகக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். மாதக்கணக்கில் காத்திருந்தால் ஒரு வார்த்தை உதிரும். மயில், சாவி, உப்பு என்று இதுவரை எட்டு சேர்ந்திருந்தது.

அன்று மத்தியானம் வறண்ட உதடு அசைந்தது.

"தண்ணி..."

வேலம்மாள் நோட்டை வைக்க இடமில்லை என்று ஸ்டூலில் இருந்த சொம்பைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, ஒன்பதாவதாக எழுதினாள்.

அவர் கண்கள் சொம்போடு கீழே இறங்கின.

"தண்ணி..."

"அதான் எழுதிட்டேனே. வேற சொல்லுங்க."